மூன்றாவது பெயர்

திருத்தணியில் நாலு சாலையும் கூடுகிற இடத்தில் நிற்கும் சுதந்திர ஸ்தூபியை இடம் மாற்றப் போகிறார்கள். சாலையை அகலமாக்க வேண்டுமாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும்போது திருப்பதி பஸ்ஸும் பள்ளிப்பட்டு பஸ்ஸும் அந்த முனையில் ஒன்றையொன்று தாண்ட முடியாமல் நிற்பதை என் வேலைக்காலம் முழுவதும் பார்த்தவன் நான். மாற்றட்டும் என்றுதான் சொல்வேன்.

போன மாதம், புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் போன் செய்தார். என் மகள் வயதுப் பெண். அந்த ஸ்தூபியைப் பற்றி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே, எடுக்கும்போது எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். மேலே உள்ள சிங்கத் தலை சிமெண்டில் வார்த்தது, கயிறு போட்டுத் தூக்கினால் காது உடைந்துவிடும், பலகையில் பெட்டி அடித்து அதற்குள் வைத்து இறக்குங்கள் என்றேன். பீடத்துக்குள் செங்கல் இல்லை, முழுக்கக் கருங்கல் என்றேன். பெயர்கள் செதுக்கிய கல்லைப் பற்றிக் கேட்டபோது மட்டும், எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பெயர் தணிகாசலம். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். பாலிடெக்னிக் முடித்து நகராட்சியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்து, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் உருண்டு பணி ஆய்வாளரானேன். முதல் சில வருடங்களில் கற்றுக்கொண்டது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதும், யாரிடம் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும்தான். அதன் பிறகு ஸ்தூபி என் பொறுப்புக்கு வந்தது. அது தானாக வரவில்லை. நானே கேட்டு வாங்கினேன்.

காரணம் உண்டு. சுதந்திர வெள்ளி விழாவுக்கு எழுப்பிய ஸ்தூபி அது. கிழக்குப் பக்கக் கல்லில், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற சுற்றுவட்டாரத்துக்காரர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதில் மூன்றாவது பெயர் கோ. துரைசாமி. என் தாத்தா, நைனாவைப் பெற்றவர். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம்.

அலுவலகத்தில் என்னைத் 'தியாகி பேரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தாத்தா ஜெயிலுக்குப் போனதைத்தான் பேசினார்கள். தாத்தா ஒரு தடவைகூட ஸ்தூபியில் நடக்கும் ஆகஸ்ட் பதினைந்து விழாவுக்கு வந்ததில்லை. கூப்பிடப் போனவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பமும் போடவில்லை. எவ்வளவு அடக்கம் என்று ஊரே சொன்னது. நாங்களும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

விழா வேலையை நான் பூஜை மாதிரிதான் செய்தேன். கொடிக்கயிறு புதிதாக வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் இழுத்துக் கட்டிக் காயவைப்பேன். இல்லாவிட்டால் முறுக்கு அவிழ்ந்து, கம்பத்து உச்சியில் உள்ள உருளையில் சிக்கும். மேலே ஏறி உருளைக்கு எண்ணெய் விடுவேன். கொடியை மடித்து, பூவிதழ்களை உள்ளே வைத்து, ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்குப் போட்டு, முந்தின நாளே மேலேற்றி அவிழ்த்துப் பார்ப்பேன். பூ அதிகமானால் கனம் தாங்காமல் சுருக்கு இறுகிவிடும். ஒரு கைப்பிடி போதும். கொடி ஏறியதும் கல்லில் உள்ள பெயர்களை மைக்கில் படிப்பது வழக்கம். தியாகி பேரன் என்பதால் அதையும் என்னிடமே கொடுத்தார்கள்.

விழா முடிந்து கூட்டம் கலையும்போது எங்கள் ஊர்க் காலனியிலிருந்து பூங்காவனம் என்ற அம்மாள் வருவார். அவருடைய அப்பா எல்லப்பன் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். நேராகக் கல்லிடம் போய் மூன்றாவது பெயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார். பிறகு கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இத்தனை வருடம் கழித்தும் தாத்தா மேல் இவ்வளவு விசுவாசமா என்று நினைப்பேன். ஒரு வருடம் இனிப்புப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, அதையே வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று பின்னால் எடுக்கும்போது ஸ்தூபியில் இடித்து, பெயர்க்கல் குறுக்கே பிளந்துவிட்டது. புதுக்கல் வைக்க வேண்டியதாயிற்று. அப்போது எங்களுக்குப் பொறியாளர் கமலநாதன் சார்.

அவரைப் போன்ற ஒருவரிடம் வேலை செய்தது என் அதிர்ஷ்டம். வேலை நடக்கும் இடத்தில் உட்கார மாட்டார். நாற்காலி போட்டால் அதன் மேல் குடையை வைத்துவிட்டு நிற்பார். யாரையும் கூட்டத்தில் வைத்துத் திட்ட மாட்டார்; தப்புச் செய்தவனைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போவார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் எங்கோ தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பழைய கல்லை எடுப்பதற்கு முன் அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, கரியைத் தேய்த்து, எழுத்துகளை அப்படியே படி எடுக்கச் சொன்னார். ஒரு பெயரில் 'ண' வரவேண்டிய இடத்தில் 'ன' இருந்தது. திருத்திவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். செதுக்கியவன் செய்த தப்பும் இப்போது அந்தக் கல்லுக்குச் சொந்தம், நமக்கு வந்த வேலை உடைந்ததை மாற்றுவது மட்டும்தான் என்றார். செதுக்கிய எழுத்துக்குக் கறுப்பு நிரப்புவதையும் அவர்தான் எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தார். பெயிண்டை நிரப்பிவிட்டு, காய்வதற்குள் மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். துணியைப் பந்தாகப் பிடித்தால் அது குழிக்குள் இறங்கி எழுத்திலிருப்பதையும் எடுத்துவிடும். ஒரு கட்டையில் துணியை இழுத்துச் சுற்றி, தட்டையாக ஒரே திசையில் துடைக்க வேண்டும். சொல்லிவிட்டு அவரே ஒரு வரியைத் துடைத்துக் காட்டினார்.

புதுக்கல் வருகிறது என்றதும் என் அண்ணன் சேகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆர்.கே.பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவர், ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள். தாத்தா பெயருக்கு முன்னால் 'தியாகி' என்று சேர்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போனில் செய்தியும் அனுப்பிவிட்டார். அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ராஜம்மா அத்தை வந்தார்கள். நைனாவின் ஒரே தங்கை. முட்டி வலியோடு மின்சார ரயிலில் தனியாக வந்து, ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் ஆட்டோவில் நேராக ஸ்தூபிக்கே வந்துவிட்டார்கள்.

வேலையாட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்கள்.

"தணிகா, புதுக்கல்லுல எங்க நைனா பேர் வேணாம்டா. எடுத்துடு."

ஏன் என்று கேட்டேன்.

"அவரு ஜெயிலுக்கே போவலடா. எல்லப்பன் போனாரு."

அங்கேயே, அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு முழுவதையும் சொன்னார்கள். தாத்தா ஒரு கூட்டத்தில் பேசியது உண்மை. அவர் மேல் வாரண்ட் வந்ததும் உண்மை. பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் வெளியூர். அவர்களுக்கு முகம் தெரியாது. அப்போது மணியக்காரராக இருந்தவர் எங்கள் உறவு. துரைசாமி யார் என்று கேட்டபோது, களத்தில் நின்ற எல்லப்பனைக் காட்டினார். கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள், வாயைத் திறக்காதே என்று எல்லப்பனிடம் சொல்லியிருந்தார்கள். தாத்தா அன்றைக்கே மாமனார் ஊருக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் என்றது மாதக்கணக்கில் போயிற்று. அடித்ததில் எல்லப்பனுக்கு ஒரு காது கேட்காமல் போனது. அவர் உள்ளே இருந்தபோது பிறந்த முதல் குழந்தை, அவர் முகத்தைப் பார்க்காமலே இறந்துபோனது. வெளியே வந்த மறுநாள் எங்கள் நிலத்துக்கு வேலைக்கு வந்தார். மறுபடி பேர் எல்லப்பன், வேலை ஏர் ஓட்டுவது. அதற்குப் பிறகுதான் தாத்தாவும் திரும்பி வந்தார்; ஊர் அவரைத் தியாகி என்றது.

"ஸ்தூபி தொறக்கறதுக்கு எங்கம்மா வரல. தலவலின்னு படுத்துக்கினாங்க. அன்னிக்கி ராத்திரி என்கிட்ட சொன்னாங்க. எங்க அண்ணன்கிட்ட, உங்க நைனாகிட்ட, சொல்ல எனக்கு வாய் வரல. நீங்கல்லாம் அத வச்சிகினு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க."

எனக்குச் சின்ன வயதுக் காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. எல்லப்பன் களத்துக்கு வந்தால் தாத்தா எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். பெரிய மனிதர், ஆள்காரர்களோடு பேச மாட்டார் என்று நினைத்திருக்கிறேன். அதைப் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசியது. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் யாரோ கழற்றிப் போட்ட சட்டையை என்னுடையது என்று நினைத்து ஆயுள் முழுவதும் போட்டுக்கொண்டு திரிந்தவனுக்கு, சொந்தக்காரனின் மகளை ஒவ்வொரு வருடமும் எதிரில் பார்த்து இனிப்புக் கொடுத்தவனுக்கு, ஒளிந்துகொள்ள இடம் எங்கே?

மறுநாள் கமலநாதன் சாரிடம் சொன்னேன். இந்த முறை நான்தான் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். முழுவதையும் கேட்டார். பெயரை எடுத்துவிட்டு எல்லப்பன் பெயரைப் போடலாமா என்றேன். அரசு உத்தரவு இல்லாமல் கல்லில் ஒரு புள்ளியும் மாறாது என்றார். உத்தரவுக்கு எழுதலாம், சாட்சி கேட்பார்கள், விசாரணை வரும், வருடங்கள் ஆகும், எழுதுவதென்றால் நானே எழுதுகிறேன் என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எடுக்கறதா வேண்டாமான்னு உங்க அத்தை சொல்றாங்க, நீ சொல்ற, நான் சொல்றேன். அந்த எல்லப்பன் பொண்ணு இருக்காங்கன்னியே, அவங்களக் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர்களுக்கு நான் செய்யப்போவது பெரிய நியாயம் என்ற நினைப்பிலேயே இருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் காலனிக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வேலைக்கு ஆள் சொல்ல வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறேனே தவிர, அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் நான் நுழைந்ததில்லை. பூங்காவனத்தம்மாள் நாற்காலியை அத்தைக்குப் போட்டார். எனக்கு ஸ்டூல். தண்ணீர் கொடுத்தார். குடித்தோம்.

அத்தைதான் பேசினார்கள். உண்மை எங்களுக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் நைனா பெயரை எடுத்துவிட்டு உங்கள் அப்பா பெயரைப் போட ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லி, அழுதார்கள். பூங்காவனத்தம்மாள் அழவில்லை. இவர்களுக்கு இப்போதுதான் தெரிகிறதா என்பது போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுக்காதீங்கம்மா" என்றார். "அது எங்கப்பன் பேரு."

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஜெயிலிலிருந்து வந்த பிறகு காலனியில் எல்லப்பனை யாரும் எல்லப்பன் என்று கூப்பிடவில்லை. தொரசாமி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக. பிறகு அதுவே பேராகிவிட்டது. எங்கள் வீட்டாள் யாராவது தெருப்பக்கம் வந்தால் மட்டும் குரலை அடக்கிக்கொண்டு எல்லப்பா என்பார்கள். பூங்காவனத்தம்மாளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் தொரசாமிதான்.

"அந்தக் கல்லு வச்சாங்கன்னு கேட்டு என்ன இஸ்துகினு போனாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் ரெண்டாங்கிளாஸ் வரிக்கும் படிச்சவ. எங்கடி நம்ம பேருன்னாரு. நான் கைய வச்சிக் காட்னேன். தடவிப் பாத்தாரு. அப்புறம் சாவற வரிக்கும் வருசா வருசம் போனாரு. அவரு போனப்புறம் நான் போறேன்."

அத்தை தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நான் இனிப்பு கொடுத்ததை நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதைப் பற்றி அவரிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், அவர் கையமர்த்திவிட்டார்.

"நீங்க அத எடுத்துட்டா நான் போய்த் தொடறதுக்கு அங்க இன்னா இருக்குது? புதுப்பேரு போட்டா அது யாரோ. கல்லு அப்டியே இருக்கட்டும் சார். நீங்க மைக்குல படிக்கிறீங்க இல்ல, அப்போ சொல்லுங்க. யாரு போனதுன்னு சொல்லுங்க. எங்கப்பன் அத வெளிய சொன்னதேயில்ல. உங்க வூட்டு ஆளுதான் சொல்லணும்."

இதைக் கமலநாதன் சாரிடம் வந்து சொன்னேன். கல்லில் எதைச் செதுக்குவது என்பதற்கு விதி இருக்கிறது, மைக்கில் எதைப் படிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து உத்தரவு எதுவும் இல்லை, படிக்கிறவன் நீ என்றார். படி என்றும் சொல்லவில்லை, படிக்காதே என்றும் சொல்லவில்லை. கல் பழையபடியே எழுத்துக்கு எழுத்து செதுக்கி வைக்கப்பட்டது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணனிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. போய்ச் சொன்னேன். அத்தைக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்றார். பிறகு, நடந்திருந்தாலும் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான் என்றார். கடைசியில்தான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"உனக்கு இன்னா, ரிட்டயர் ஆயிப் போய்டுவ. நான் இதே ஊர்ல கட வச்சிகினு நாலு பேரு மூஞ்சில முழிக்கணும். தாத்தாவ செத்தப்புறம் சாவடிக்கணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாத்தா கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்ததற்கு அவர் தினமும் களத்திலிருந்து எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார். இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். கடையை விட்டு வெளியே போ என்றார். இன்றுவரை எங்களுக்குள் பேச்சு இல்லை. என் மகன் கல்யாணத்துக்கு அண்ணி மட்டும் வந்து போனார்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. அந்த வருடம் ஆடிக் கிருத்திகை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மலைக்கு வந்த மொட்டைத் தலைக் குடும்பங்கள் சிலவும் வேடிக்கை பார்க்க நின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ராஜம்மா அத்தை முன்வரிசை நாற்காலியில். கமலநாதன் சார் வழக்கம் போல நின்றுகொண்டு. பூங்காவனத்தம்மாள் முதல் முறையாக விழா தொடங்கும் முன்பே வந்து, பழக்கடை ஓரமாக, தன் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நின்றார். நாற்காலியில் உட்காரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வரவில்லை.

கொடி ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. பூ உதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் மைக்கிடம் போனேன். முதல் பெயரைப் படித்தேன். இரண்டாவது. தாளை மேஜை மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். 'கோ. துரைசாமி என்ற பெயரில் சிறை சென்றவர், எல்லப்பன்' என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். பல தடவை வீட்டில் சொல்லிப் பார்த்த வரி. துரைசாமி வரைக்கும் குரல் வந்தது. அதற்கு மேல் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. கடைசி வார்த்தை எனக்கே கேட்கவில்லை. கூட்டம் எப்போதும் போல நின்றது. யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன், முடிந்துவிட்டது என்று நான் நாலாவது பெயருக்கு வாயெடுத்தேன்.

"சார்."

பழக்கடைப் பக்கமிருந்து வந்தது. கத்தவில்லை. தெருவில் ஒருவரை நிறுத்திப் பேசுவது போன்ற குரல்.

"கேக்கல சார். இன்னொரு தபா சொல்லுங்க."

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். விருந்தினராக வந்திருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ கேட்டார். என் காது இரண்டும் சுட்டன. அந்த இடத்தை விட்டு இறங்கி ஸ்டேஷன் பக்கமாக நடந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தாளைப் பார்க்காமல் மைக்கை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டேன்.

"எல்லப்பன்" என்றேன். "எங்க தாத்தா துரைசாமி போக வேண்டிய ஜெயிலுக்கு, அவர் பேர்ல போய், அடி வாங்கினு வந்தவர். இந்தக் கல்லுல இருக்கறது அவர்தான்."

பூங்காவனத்தம்மாள் பேத்தியின் தலையைத் திருப்பிக் கல்லைப் பார்க்க வைத்தார். நான் தாளை எடுத்து, நாலாவது பெயரைப் படித்தேன்.